பகலில் வரும் நரி

கோலப்பன் குலசேகரத்துக்கு அப்பால் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் காவல்காரராகச் சேர்ந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. 1949ஆம் வருஷம் அது. அதற்கு முன் பூதப்பாண்டிப் பக்கத்து வயற்காட்டை விட்டு அவர் வேறு எங்கும் பத்து நாள் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. ஆறுமுகப்பெருமாள் பிள்ளையின் வயல்களுக்குப் பதினைந்து வருஷம் காவல் இருந்தவர். பிள்ளை இறந்ததும் மகன்மார் மூன்று பேரும் நிலத்தைப் பங்கு வைத்துக்கொண்டார்கள். அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் கோலப்பன் தேவைப்படவில்லை. மனைவி கோமளவல்லியின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் எஸ்டேட்டில் எழுத்தராக இருந்தார். அவர் சொல்லித்தான் மலைக்கு வந்தார்கள்.

வயற்காட்டில் இருந்த காலத்தில் நரியை அவர் எதிரியாக நினைத்ததே கிடையாது. எதிரி நண்டு. வரப்பில் ஒரு நண்டு வளை போட்டால் விடிவதற்குள் ஒரு வயல் தண்ணீர் முழுவதும் கீழ்வயலுக்கு இறங்கிவிடும். அந்த நண்டைத் தின்ன நரி வரும். எலியையும் பிடிக்கும். கோலப்பன் வரப்பில் நடந்து போகையில் உடைந்து கிடக்கும் நண்டோடுகளைப் பார்த்தாலே எத்தனை நரி வந்தது, எந்தப் பக்கமாகப் போனது என்று சொல்லிவிடுவார். ஆனால் நரியை நேருக்கு நேர் பார்ப்பது அபூர்வம். ஆள் இருமினால் இரண்டு வயலுக்கு அப்பாலிருந்தே ஓடிவிடும். தென்னை உச்சியில் வெயில் விழுந்த பிறகு அங்கே நரி வந்து அவர் பார்த்தது அந்தப் பதினைந்து வருஷத்தில் ஒரே ஒரு முறைதான்.

அது 1944இல், கும்பப்பூ அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயம். நடுப்பகல். களத்தில் இருபது பேர் நிற்கும்போது ஒரு நரி நேராக உள்ளே வந்தது. வைக்கோலைக் கடித்தது. கட்டிக் கிடந்த காளையின் காலைக் கடித்தது. விரட்ட வந்த இரண்டு பேரையும் கடித்தது. கோலப்பன் தடியால் அடித்துக் கொன்றார். "இது வெறி நரி, இவங்கள இப்பமே கொண்டு போகணும்" என்று பிள்ளையிடம் பிடிவாதமாக நின்று, அன்றைக்கே அந்த இரண்டு பேரையும் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவைத்தார். ஊசி போட்டுக்கொண்ட இருவரும் பிழைத்தார்கள். ஊசி போடாத காளை ஒரு மாதம் கழித்து வாயில் நுரை தள்ளி, கட்டுத்தறியையே கடித்துக்கொண்டு செத்தது. அதன்பின் அந்த வட்டாரத்தில் நரி விஷயத்தில் கோலப்பன் வைத்ததுதான் சட்டம். பகலில் வரும் நரி, ஆளைக் கண்டு விலகாத நரி, அது வெறி நரி. இதை அவர் தன் பெயரைப் போலச் சந்தேகமில்லாமல் நம்பினார்.

அந்த நம்பிக்கையோடுதான் மலைக்கு வந்தார்.

எஸ்டேட்டில் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன்னே மரங்களுக்குள் போய்விடுவார்கள். வெட்டி முடித்து, சிரட்டைகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்து, பத்து மணி வாக்கில் அளக்கும் கொட்டகைக்குக் கொண்டு வருவார்கள். கோலப்பன் வேலைக்குச் சேர்ந்த நாலாம் மாதம், அந்தக் கொட்டகைக்குப் பத்தடி தள்ளி ஒரு நரி வந்து நின்றது. நல்ல வெயில். சுற்றிலும் முப்பது பேர். அது அசையவில்லை. கோலப்பனுக்குக் களத்து நரி கண்முன் வந்தது. "எல்லாரும் மாறுங்கோ!" என்று கத்திக்கொண்டே மண்வெட்டியை எடுத்துப் பாய்ந்தார். அடிபட்ட நரி கூட்டத்துக்குள் புகுந்தது. இரண்டு பேரைப் பிறாண்டியது. அது சாவதற்குள் அதன் ரத்தம் ஐந்தாறு பேர் மேல் தெறித்தது.

மானேஜர் பயந்துபோனார். ஏழு பேரைத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார். நரியின் தலையையும் மண்ணெண்ணெய்த் தகரத்தில் வைத்துச் சோதனைக்கு அனுப்பினார். தினம் ஒன்றாகத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. சிலருக்கு வயிறு கல்லாக வீங்கியது. ஜெபகனி என்கிற பால்வெட்டுக்காரிக்குக் காய்ச்சல் வேறு கண்டது. எல்லா ஊசியும் போட்டு முடித்து அவர்கள் திரும்பி வந்த பிறகுதான் சோதனையின் பதில் வந்தது. அந்த நரிக்கு ஒரு நோயும் இல்லை.

ஜெபகனி வயிற்றைப் பிடித்துக்கொண்டே கோலப்பன் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, ஒமக்க ஊர்ல நரி எப்பிடியோ எங்களுக்குத் தெரியாது. இஞ்ச உள்ளது பகல்லதான் வரும். கஞ்சிப் பொதிக்கு வரும். கல்லெடுத்து எறிஞ்சா போவும். அதைக் கொன்னு எங்களுக்குப் பதினாலு குத்து வாங்கித் தந்துட்டீரே!"

"அத அப்பமே சொல்லியிருக்கலாம்லா பிள்ள?"

"சொல்ல விட்டீரா நீரு?"

கொட்டகை முழுவதும் சிரித்தது. அன்று முதல் அவருக்கு 'நரிக் கோலப்பன்' என்று பெயர் விழுந்தது. மானேஜர் அவரைக் கூப்பிட்டு, இனிமேல் நரியைப் பார்த்தால் தன்னிடம் கேட்காமல் கையை ஓங்கக் கூடாது என்றார். கோலப்பன் தலை குனிந்து நின்றார். தெரிந்த ஒன்றில் தப்பு செய்துவிட்டோம் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அந்த அவமானத்திலிருந்து மீள அவர் கண்ட வழி, மலை நரியைப் படிப்பது. சண்டைக்குப் போகிறவர் போல அதில் இறங்கினார். இங்கே நாய் இல்லை என்பதை முதலில் கவனித்தார். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் யார் நாய் வளர்த்தாலும் ஆறு மாதத்துக்குள் சிறுத்தை கொண்டுபோய்விடும். நாய் இல்லாத இடத்தில் நரிக்கு யாரிடம் பயம்? வயற்காட்டில் ஒன்றும் இரண்டுமாய்த் திரிந்த நரி இங்கே நாலும் ஐந்துமாய்த் திரிந்தது. நண்டு இல்லை. அதனால் உதிர்ந்த அயனிச்சக்கைப் பழத்தைத் தின்றது. மரச்சீனிக் கிழங்கைத் தோண்டித் தின்றது. லயத்துக் கோழியைத் தூக்கியது. எல்லாவற்றையும்விட, எஸ்டேட் மணி அதற்கு மனப்பாடம். எந்த மணிக்குப் பெண்கள் பால் சேர்க்க மேலே போவார்கள், அப்போது எந்தெந்த மரத்தில் சோற்றுப் பொதி தொங்கும் என்று தெரிந்து வைத்திருந்தது. ஒன்று பொதிக்குக் கீழே நிற்கும். மற்றவை தள்ளி நின்று ஆள் வருகிறதா என்று பார்க்கும்.

கோலப்பனின் தங்கை பார்வதி, தாமரைகுளத்துப் பக்கம் உப்பளக் கணக்கரைக் கட்டியிருந்தாள். கோயில் கொடைக்கு அங்கே போனபோது கடற்கரை நரியையும் பார்த்தார். அது இன்னொரு விதம். கரமடி வலையை இழுத்துப் போட்ட இடத்தில் மிச்சமாய்க் கிடக்கும் பொடிமீனுக்காகக் காலை வெயிலில் ஜோடியாக மணலில் நடந்து வந்தது. ஆமை முட்டையைத் தோண்டித் தின்றது. வலைக்காரர்களைக் கண்டு ஓடவில்லை. ஆனால் கிட்டேயும் வரவில்லை. காக்கையும் அதுவும் ஒரே மீன் குவியலில் தின்றன.

திரும்பி வந்து கோமளவல்லியிடம் வாய் ஓயாமல் சொன்னார். "ஒரே நரிதான் கேட்டியா. வயல்ல ஒரு மாதிரி, மலையில ஒரு மாதிரி, கடல்ல ஒரு மாதிரி. எந்த எடத்துல எது கெடைக்கோ, யாரைக் கண்டா பேடியோ, அதுக்குத் தக்கன மாறிக்கிடுது."

"சரி, வெறகு ஈரமா கெடக்கு. அதுக்கு என்ன செய்ய?" என்றாள் அவள்.

மெல்ல மெல்ல அவர் பேச்சுக்கு மறுபடி மதிப்பு வந்தது. பொதியை எந்த உயரத்தில் கட்டினால் நரிக்கு எட்டாது என்று பெண்களுக்குக் காட்டினார். 1953இல் கோழி அதிகம் போகிறது என்று மானேஜர் இறைச்சியில் விஷம் கலந்து வைக்கப் பார்த்தபோது, எலி பெருகி மரச்சீனி முழுதும் போய்விடும் என்று சொல்லித் தடுத்தார். மானேஜரும் கேட்டுக்கொண்டார். 'நரிக் கோலப்பன்' என்பது கேலிப்பெயராக இல்லாமல் போயிற்று.

1954 ஆகஸ்ட். தென் திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டம் முற்றியிருந்த நேரம். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பஸ் ஓடவில்லை. ரோட்டில் போகிற ஆண்களைப் போலீஸ் பிடிக்கிறது என்று பேச்சு. எஸ்டேட்டில் மட்டும் பால்வெட்டு நிற்கவில்லை.

காலை ஒன்பதரை இருக்கும். மேல்சரிவில் செல்லபாயின் அலறல் கேட்டது. செல்லபாய்க்கு இருபத்தாறு வயது. புருஷன் சத்தியநேசன் ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தான். ஐந்து வயதில் ஒரு பெண்பிள்ளை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள். கோலப்பன் ஓடிப் போய்ப் பார்த்தபோது அவள் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாளி கவிழ்ந்து சருகின்மேல் பால் பரவிக் கிடந்தது. நரி மேலே போய்க்கொண்டிருந்தது. அது ஓடவில்லை. முள்செடியைச் சுற்றிப் போகாமல் நேராக அதற்குள் புகுந்து போயிற்று. அது தனியாகத்தான் வந்திருந்தது. கூட்டம் இல்லை.

மணிக்கட்டில் இரண்டு பல் பதிந்திருந்தது. ரத்தம் அதிகமில்லை. கோலப்பன் ஓடைக்குக் கூட்டிப் போய்க் கழுவிவிட்டார். திரும்பி வந்து வாளியை நிமிர்த்தி வைத்தார். அதன் விளிம்பில் பல்தடம் இருந்தது. கோழை போல எச்சில் வழிந்திருந்தது. பக்கத்து மரத்தில், நரிக்கு எட்டுகிற இடுப்புயரத்தில், செல்லபாயின் சோற்றுப் பொதி தொங்கிக்கொண்டிருந்தது. கட்டுக்கூட அவிழவில்லை.

இவ்வளவையும் அவர் பார்த்தார்.

"அண்ணாச்சி, திருவந்தரத்துக்குப் போணுமா?" என்று செல்லபாய் கேட்டாள். "பிள்ளைக்கு நேத்து முதலே காய்ச்சலு. பஸ்ஸும் இல்ல."

அதற்குள் ஜெபகனியும் வந்துவிட்டாள். "நரிதான? பொதிக்கு வந்திருக்கும். இவ குறுக்க போயிருப்பா" என்றாள்.

ஏழு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றதும், கொட்டகை சிரித்ததும் கோலப்பனுக்கு நினைவு வந்தது. இரண்டு பெண்களும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போக வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாரா என்று செல்லபாயின் கண் கெஞ்சியது.

"வாண்டாம் பிள்ள" என்றார். "இஞ்ச உள்ளது பகல்ல வாறதுதான. பொதிக்கு வந்துது. நீ குறுக்க நின்னுட்ட, அதான் கடிச்சுப் போட்டு. மஞ்சள அரைச்சுப் போடு."

செல்லபாய் சிரித்துவிட்டாள். மிச்சப் பாலைச் சேர்க்கப் போனாள்.

சாயங்காலம் கோமளவல்லி கேட்டாள். "போகச் சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போச்சு?"

"பஸ் ஓடல்லியே."

"மானேஜருக்க வண்டி கெடக்குல்லா."

"ஒருக்கப் பட்டது போதாதாட்டி? ஊரு முழுக்கச் சிரிச்சது ஒனக்கு மறந்துபோச்சா?"

அவர் சோற்றைப் பிசைந்துவிட்டுத் தின்னாமல் எழுந்ததை அவள் பார்த்தாள்.

மறுநாளிலிருந்து அவர் அந்த நரியைத் தேடினார். காவல் சுற்றுகிற சாக்கில் மேல்சரிவு முழுவதும் அலைந்தார். நரி நன்றாக இருக்கிறது என்று ஒரு தடவை கண்ணால் கண்டுவிட்டால் போதும். ஐந்தாம் நாள் காலையில், ஓடைக்கு மேலே பாறையிடுக்கில், செத்துக் கிடந்த ஒரு நரியைக் கண்டார். வாயெல்லாம் மண். முன்பல் ஒன்று உடைந்திருந்தது. பாறையின் அடியில் இருந்த வேரைக் கடித்துக் குதறியிருந்தது.

பாம்பு கடித்துச் செத்திருக்கலாம். யாராவது விஷம் வைத்திருக்கலாம். இது அந்த நரிதான் என்று யார் சொன்னது? இப்படியெல்லாம் அவருக்குள் ஒருவன் பேசினான். இன்னொருவன் பேசாமல் நின்று அந்த வேரையே பார்த்தான். கோலப்பன் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, ஓடையில் கையை மூன்று தரம் கழுவினார். நேரே செல்லபாயிடம் போய்ச் சொல்லிவிடுவது என்றுதான் சரிவில் இறங்கினார்.

அவள் பால்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, பாத்தீரா? புண்ணு காஞ்சு போச்சு" என்று கையைத் திருப்பிக் காட்டினாள். அவள் பிள்ளைக்கும் காய்ச்சல் விட்டிருந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். "நல்லது பிள்ள" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்போது சொல்லியிருந்தால் நேரம் இருந்தது. இதைப் பிற்பாடு அவர் எத்தனையோ முறை தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அக்டோபர் தொடக்கத்தில் ஒரு நாள், விடிகிற நேரம், சத்தியநேசன் வந்து கதவைத் தட்டினான்.

"அண்ணாச்சி, இவளுக்கு ரெண்டு நாளா கை கடையுது எண்ணு சொன்னா. இப்பம் வெள்ளம் எறங்கல்ல. தொண்டையைப் பிடிக்கு. கதவத் தெறந்தா காத்துக்கே பதறுகா. நீரு ஒண்ணு வந்து பாரும்."

கோலப்பன் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மானேஜர் பங்களாவுக்கு ஓடினார். ஜீப்பில் அவளை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீரை அவள் பக்கம் கொண்டுவந்தார். அவள் கழுத்து வெட்டி இழுத்தது. நாயோ வேறு எதுவோ கடித்ததா என்று டாக்டர் கேட்டார். சத்தியநேசன் யோசித்துவிட்டு, "நரி ஒண்ணு கடிச்சுது. அது ஆகஸ்டுல. அது சும்மா நரி" என்றான். டாக்டர் அவனைத் தனியே வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மூன்று நாள். வலியும் தெளிவும் மாறி மாறி வந்தன. இரண்டாம் நாள் மத்தியானம், தெளிவாக இருந்த ஒரு வேளையில், வாசலில் நின்ற கோலப்பனை அவள் கண்டுகொண்டாள்.

"அண்ணாச்சி, அது பொதிக்குத்தான வந்துது?"

கோலப்பன் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. கட்டிலருகே இருந்த சத்தியநேசன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அதற்குள் அவளுக்கு மறுபடியும் இழுப்பு வந்துவிட்டது. மறுநாள் செத்துப்போனாள்.

அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லாரும் போன பிறகு, சத்தியநேசன் அவருக்கு எதிரே வந்து நின்றான். பிள்ளையை ஜெபகனி தூக்கிக்கொண்டு வெளியே நின்றாள்.

"அவ கேட்டதுக்கு நீரு ஏன் பதில் சொல்லல்ல?"

கோலப்பன் எல்லாவற்றையும் சொன்னார். தொடாமல் கிடந்த பொதி, வாளி விளிம்பில் எச்சில், முள்ளுக்குள் நேராகப் போன நரி. ஐந்தாம் நாள் பாறையிடுக்கில் கண்டது, புதைத்தது, புண் காய்ந்துவிட்டது என்று அவள் காட்டியது. ஒன்றையும் விடவில்லை. "தெரிஞ்சுது மக்கா. எனக்குத் தெரிஞ்சுது. ஒருக்கச் சொல்லி அவமானப்பட்டவன். மறுபடியும் சொல்ல மனசு வரல்ல" என்றார்.

சத்தியநேசன் அடிப்பான் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கை தொங்கினபடியே இருந்தது.

"பஸ் ஓடல்லேண்ணா நடந்தே போயிருப்போம்" என்றான். "நான் தோள்ல தூக்கீட்டுப் போயிருப்பேன். திருவந்தரம் என்ன தூரம்?"

அதற்குமேல் அவன் அவரோடு பேசவில்லை. அந்த மாதமே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எஸ்டேட்டை விட்டுப் போனான். இரணியல் பக்கம் அக்கா வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். கோலப்பன் இரண்டு முறை அந்த ஊர் வரை போனார். இரண்டு முறையும் ஊருக்குள் நுழையாமல் திரும்பினார்.

மானேஜர் விஷம் வைத்தார். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. ஒரே வாரத்தில் பதினெட்டு நரி செத்தது. பெரும்பாலானவை நல்ல நரிகள். வெட்டுக்கு வரும் பெண்களின் மணியை மனப்பாடம் செய்து வைத்திருந்தவை. கோலப்பனே குழி தோண்டிப் புதைத்தார். அந்தக் கோடையில் எலி மரச்சீனியைத் தின்று தீர்த்ததைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

1955இல் வேலையை விட்டுவிட்டுத் தாமரைகுளம் வந்தார். தங்கை புருஷன் உப்பளத்தில் காவல் வேலை வாங்கிக் கொடுத்தார். உப்பளத்து ஆட்கள் அவர் பெயரை எப்படியோ கேள்விப்பட்டு, நரியைப் பற்றி ஏதாவது கேட்டால், "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பார். கோமளவல்லி அதைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்பாள். தனக்குத் தெரியாது என்று அவர் சொல்வதை அவள் அதற்கு முன் கேட்டதே இல்லை.

அடுத்த சித்திரையில், உப்பு வாருகிற பகவதியப்பனை நரி கடித்தது. ஐம்பது வயது ஆள். நாக்கு நீளம். அளத்து முதலாளி முதல் அம்மன் கோயில் பூசாரி வரை அவரிடம் வசவு வாங்காத ஆள் கிடையாது. காலையில் பாத்திக் கரையில் உட்கார்ந்து பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் மீன்தலை கிடந்தது. அதை எடுக்க வந்த நரியைக் காலால் எத்தியிருக்கிறார். அது குதிகாலைக் கடித்துவிட்டு, மீன்தலையையும் கவ்விக்கொண்டு, கள்ளிப் புதரைச் சுற்றி ஓடிப்போய்விட்டது. தூரத்தில் அதன் ஜோடி நின்றதையும் பார்த்திருக்கிறார்கள்.

கோலப்பன் வந்து எல்லாவற்றையும் கேட்டார். ஜோடியாக வந்தது. தீனிக்கு வந்தது. தீனியை எடுத்துக்கொண்டு போனது. அடித்ததால்தான் கடித்தது. புதரைச் சுற்றித்தான் போனது. ஒரு குறையும் இல்லை. நல்ல நரி என்று அவருக்குள் இருந்த பழைய ஆள் அந்த நொடியே சொல்லிவிட்டான்.

"சட்டைய போடும் ஓய். திருவனந்தபுரத்துக்குப் போவோம்" என்றார் கோலப்பன்.

"என்னத்துக்கு? இஞ்ச நரி அப்பிடித்தான்வே. மீன்தலைக்கு வந்துது."

"இருக்கும். பொறப்படும்."

"நான் வரமாட்டேன். உப்பு வெளைஞ்சு கெடக்கு. பதினாலு ஊசியாம்லா! நீரு என்ன, நரிக்கு டாக்டரா?"

சுற்றி நின்றவர்களும் பகவதியப்பன் சொல்வதுதான் சரி என்றார்கள். இந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். நரி வந்து போவதைத் தினமும் பார்க்கிறவர்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை என்று கோலப்பனுக்கும் தெரியும்.

அவர் பாத்திக் கரையில் பகவதியப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். செல்லபாயைப் பற்றிச் சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் சொன்ன பிறகு அதை அவர் வாய் திறந்து சொன்னது அன்றைக்குத்தான். அழவில்லை. பொதி, வாளி, வேர், காய்ந்த புண் என்று வரிசையாகச் சொன்னார். "நீரு சொல்லுகதுதான் சரியா இருக்கும். நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது சரியாத்தான் இருக்கும். நானும் ஒரு எடத்துல படிச்சத இன்னொரு எடத்துல கொண்டு போட்டுப் பாத்தவன். ரெண்டு தரமும் தப்பாப் போச்சு. இனி என் கண்ணு முன்னால கடிபட்ட ஒருத்தன நான் எடை போட்டுப் பாக்க மாட்டேன். நீரு வரல்லேண்ணா தூக்கிக்கிட்டுப் போவேன்."

பகவதியப்பன் குதிகாலைப் பார்த்தார். பிறகு எழுந்து சட்டையைத் தேடினார்.

திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் ஒரு சத்திரத்தில் தங்கினார்கள். கோலப்பன் கூடவே இருந்தார். தினம் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், வரிசையில் நின்று, ஊசி போட்டதும் கையைப் பிடித்து மெல்ல நடத்திக் கொண்டுவருவார். ஐந்தாம் ஊசியில் பகவதியப்பனுக்கு வயிறு வீங்கியது. எட்டாம் ஊசியில் காய்ச்சல் வந்தது. அன்று இரண்டு வேளையும் கோலப்பன்தான் கஞ்சி ஊட்டிவிட்டார். ஊசி தேவைதானா என்று ஒருவருக்கும் தெரியாது. நரி அகப்படவில்லை. தலை இல்லாமல் சோதனை இல்லை.

பதினைந்தாம் நாள் நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினார்கள். பாறசாலை தாண்டியதும் பகவதியப்பனுக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது. தன் பாத்தியில் உப்பை வேறு எவனோ வாரிவிட்டானாம். கோயில் கொடை போயிற்றாம். நல்ல நரி கடித்ததற்கு வயிறெல்லாம் ஓட்டை போட வைத்த பாவி இந்தக் கோலப்பனாம். பஸ்ஸில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தக்கலையில் ஏறிய ஒரு அம்மாள், "இவ்வளவு வையுதாரு, நீரு ஏன் பேசாம இருக்கீரு?" என்று கோலப்பனிடம் கேட்டாள்.

"வையட்டும் அம்மா" என்றார் கோலப்பன். "நல்ல சத்தமாத்தான வையுதாரு."

பகவதியப்பன் நாகர்கோவில் வரும்வரை வைதுகொண்டே வந்தார். கோலப்பன் ஜன்னலோரம் சாய்ந்து, கண்ணை மூடி, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டே வந்தார்.